பூ வேலை இல்லாத கோல்

ஜனவரி 12

இரண்டாவது பில்லியர்ட்ஸ் மேசைத் துணியில் எவனோ சிகரெட் வைத்துச் சுட்டிருக்கிறான். யாரென்று கேட்டால் ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் கூரையைப் பார்க்கிறான்கள். ஒட்டுப் போட்டேன். அந்த இடத்தில் பந்து லேசாகத் தாவும். தாவட்டும், எனக்குத் தெரியும், வருகிறவனுக்குத் தெரியாது.

அன்சியோங்கிடமிருந்து தகவல் இல்லை. நவம்பரில் பேத்திஸ் ஊருக்குப் போய் அவனிடம் கோல் செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். "பிப்ரவரி கடைசிக்குள்ள கைல குடுத்துடறேன், எமெங் அக்கா" என்றான். ஜனவரியே பாதி ஆகவில்லை. அதற்குள் எனக்கு என்ன அவசரம்? பேத்தி ஜோவலின் போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஜனவரி 16

டிமாஸ் வந்தான். ஆளேற்றும் ஜீப்னி வண்டி ஓட்டுவதை விட்ட பிறகு அவனுக்கு வேறு வேலை கிடையாது. பக்கத்து ஊரிலிருந்து வண்டிக்குக் காசு கொடுத்து வந்து, என்னை வம்புக்கு இழுத்துவிட்டுப் போகிறான்.

"என்ன எமெங், உன் ராஜகோல் வந்துச்சா?"

"வரும்."

"வர்றதுக்குள்ள நான் செத்துட்டா?"

"உன் சவப்பெட்டி மேல சாய்ச்சு வச்சு நுனிக்கு சாக்பீஸ் தடவுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும்தான். ஆனால் எனக்கு உள்ளே எரிந்தது. நவம்பர் முதல் தேதி, செத்தவர்களை நினைக்கும் நாளில், கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் குடும்பமும் சோறு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும்போது, நாலு கல்லறை தாண்டியிருந்து இவன் கத்தினானே, அது இன்னும் காதில் இருக்கிறது. "எமெங் அவ வீட்டு மேசையில, அவ வீட்டு ட்யூப் சுத்துன தடியால ஜெயிக்கிறா! வெளிய வரட்டும் பாப்போம்!" செத்தவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் தெயோடுலோவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே, "வரேன்டா" என்று சொல்லிவிட்டேன்.

மே 15 திருவிழா. ஊர்க் கொட்டகையில் போடப்போகும் புது மேசை. அவனும் நானும். முதலில் ஒன்பது ஆட்டம் எடுப்பவருக்கு வெற்றி.

ஜனவரி 20

இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன்.

வலது கைக் கட்டைவிரல் சரியாக மடங்குவதில்லை. மற்ற விரல்களும் காலையில் மரக்கட்டை. மெல்லிய கோலைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் பூட்டிக்கொள்கிறது, மறு கையால் நிமிர்த்தினால்தான் விடும். அதற்குத்தான் சைக்கிள் ட்யூபை வெட்டிக் கோலின் அடியில் சுற்றிச் சுற்றிப் பருமனாக்கினேன். பருமனாக இருந்தால் விரல் பாதி மடங்கினால் போதும். மத்தியானம் முழுக்க ஆடலாம். கேட்பவர்களிடம், "வழுக்காம இருக்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் ட்யூப் நழுவுகிறது. எடை எல்லாம் பின்னால் போய்விடுகிறது. நல்ல ஆட்டத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

மகள் மெர்லிண்டாவுக்கு விஷயம் தெரிந்தால் அடுத்த வாரமே மேசைகளை விற்க ஆள் பார்த்துவிடுவாள். அந்த இடத்தில் குடிதண்ணீர் நிரப்பிக் கொடுக்கும் கடை வைக்க வேண்டுமாம். இரண்டு வருடமாக அதே பாட்டு. நான் ஆடாவிட்டால் மேசைக்கு எவன் வருவான்? பாதிப் பேர் எமெங்கைத் தோற்கடித்தேன் என்று சொல்லிக்கொள்ளத்தானே வருகிறார்கள்.

பிப்ரவரி 8

பேத்திஸ் கோயிலில் பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பூசையும் பார்த்தேன், பொய் இல்லை. பிறகு நேரே அன்சியோங் பட்டறை.

கூரையிலிருந்து கோல்களின் மெல்லிய நுனிப் பாதிகள் வரிசையாகத் தொங்குகின்றன, கருவாடு மாதிரி.

"என்னோடது எது?"

"அதோ, ஓரத்துல."

"ஏன் இன்னும் தொங்குது?"

"மரம் ஓய்வெடுக்குது அக்கா. ஒருவாட்டி சீவுனா ஒரு மாசம் சும்மா விடணும். அவசரப்பட்டா அப்புறம் வளைஞ்சிடும்."

"நான் ஓய்வெடுக்கறதவிட அது அதிகமா எடுக்குது."

மறுபடியும் சொன்னேன். அடி தடியாக வேண்டும், நான் கொண்டுவந்து காட்டிய ட்யூப் கோல் எவ்வளவோ அவ்வளவு. பூ வேண்டாம், சிப்பி வேண்டாம், வெறும் மரம். அவன் அளவெடுத்து வைத்திருக்கிறான், கண்ணால் பார்த்தேன்.

"எதுக்கு அக்கா இவ்ளோ தடி? உரல்ல குத்தவா?"

"எனக்குப் புடிச்சிருக்கு."

சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவன் அப்பா, தாத்தா எல்லாரும் கோயிலுக்குச் சுரூபமும் பணக்கார வீட்டுக்குக் கட்டிலும் செதுக்கியவர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு வெறும் மரத்தைப் பார்த்தால் அம்மணமாக நிற்கிற மாதிரி இருக்கும்.

மார்ச் 2

பிப்ரவரி முடிந்தது. கோல் இல்லை.

மார்ச் 5

இல்லை. மெர்லிண்டா சொல்கிறாள், "அம்மா, நீ வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கறதுல தரை தேயுது. உக்காரு." உட்கார்ந்தேன். எழுந்தேன்.

மார்ச் 14

வந்துவிட்டது. அன்சியோங்கே கொண்டுவந்தான், மனைவியையும் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு தட்டு அரிசிப் பலகாரத்தோடு. மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கோலை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

உறையைத் திறந்தான்.

என்ன சொல்வது! கருங்காலி, எண்ணெய் தடவின தலைமுடி மாதிரி மின்னுகிறது. அதில் முத்துச்சிப்பியில் மல்லிகை, கொடியாக ஏறிப் போகிறது. ஒவ்வொரு இதழும் தனித்தனி. அடியில் என் பெயர். ஒருத்தன் "அம்மாடி" என்றான். ஜோவலின் படம் எடுத்தாள்.

கையில் வாங்கினேன். மெலிசு. ஈர்க்குச்சி.

"அக்கா, நீங்க கேட்ட தடிமன்ல மொதல்ல கடைஞ்சேன். பாக்க சகிக்கல. இவ்ளோ நாளா மோசமான கோல்ல ஆடிப் பழகிட்டீங்க, அதான் தடி கேக்கறீங்கன்னு புரிஞ்சிது. நல்ல கோலப் புடிச்சா அந்தப் பழைய தடி மறந்தே போயிடும். பூவுக்கு ஒண்ணும் குடுக்க வேணாம். என் அன்பளிப்பு."

அவன் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்ல முடியும்? "ரொம்ப அழகா இருக்கு" என்றேன். "ரொம்ப" என்று இரண்டு தடவை சொன்னேன்.

மார்ச் 17

மூன்று நாளாக அதில் ஆடிப் பார்க்கிறேன். நுனிப் பாதியைக் குறை சொல்ல முடியாது. பந்தைத் தொட்டால் வெண்ணெய். நினைத்த இடத்தில் போய் நிற்கிறது. இரண்டாவது ஆட்டத்தில் கட்டைவிரல் பூட்டிக்கொள்கிறது. கழிப்பறைக்குப் போகிற மாதிரிப் போய் விரலை நிமிர்த்திவிட்டு வருகிறேன்.

"பாட்டி, உனக்கு சர்க்கரை இருக்கான்னு பாக்கலாமா? அடிக்கடி போறியே" என்கிறாள் ஜோவலின். நர்ஸ் படிப்பு முடித்தவள். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி போனவள். இவளிடம் எதை மறைப்பது!

மார்ச் 20

கை. இன்று இவ்வளவுதான்.

மார்ச் 27

போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பேத்திஸ் போனேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தம்பி, நான் கேட்டது இது இல்ல. அவ்வளவுதானே, ஒரு வரி.

அன்சியோங் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மனைவி காப்பி கொண்டுவந்தாள். சுவரில் என் கோலின் படம், பெரிதாகப் போட்டு மாட்டியிருக்கிறான். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறானாம்.

"எப்படி அக்கா இருக்கு?"

"நல்லா இருக்கு."

காப்பி குடித்தேன். அவர்கள் நாய் குட்டி போட்டிருக்கிறது, பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஜீப்னியில் வரும்போது எனக்கு என்மேல் வந்த கோபத்தில் பக்கத்தில் இருந்தவளின் கோழியை முறைத்துக்கொண்டே வந்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? மீன்காரி ஒரு மீன் குறைத்தால் ஊரைக் கூட்டுகிறவள் நான். இவனிடம் மட்டும் ஏன்? அன்பளிப்பு என்றானே, அதனால். அவன் மனைவி பலகாரத் தட்டோடு வந்தாளே, அதனால்.

இல்லை. அதுவும் முழுசாக இல்லை. தடி எதற்கு என்று கேட்பான். அதற்குத்தான் பயம்.

ஏப்ரல் 3

பெரிய வெள்ளி. மேசைகளைத் துணி போட்டு மூடியாயிற்று, இன்று பந்து சத்தமே கேட்கக்கூடாது. தெருவில் ஆண்டவரின் பாடுகளைப் பாட்டாகப் பாடுகிறார்கள். நான் பிரார்த்தனை செய்ய உட்கார்ந்தேன். ஆண்டவரே, உமது பாடுகளை நினைத்து, என்று ஆரம்பித்தால், போட்டால் ஆட்டம் முடிகிற அந்த ஒன்பதாம் பந்து வந்து நிற்கிறது. மன்னிக்கட்டும்.

ஏப்ரல் 6

ஜோவலினிடம், "பாட்டிக்கு அடி தடியா வேணும், மாத்திக் குடுன்னு அன்சியோங்குக்கு ஒரு சேதி அனுப்பு" என்றேன். காரணம் சொல்லவில்லை. அவள் தட்டிவிட்டு வாசித்துக் காட்டினாள்: "வணக்கம் மாமா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பாட்டிக்குக் கோல் ரொம்ப ரொம்பப் புடிச்சிருக்கு. எல்லாரும் புகழ்றாங்க. உங்களுக்கு எப்பவாவது நேரம் கெடச்சா, சிரமம் இல்லன்னா, கைப்பிடி மட்டும் கொஞ்சூண்டு..."

"நான் சொன்னது இதுல எங்கடி இருக்கு?"

"கடைசில இருக்கே பாட்டி. எடுத்ததும் சொன்னா அவர் மனசு கஷ்டப்படுவார்ல."

பதில் வந்தது. "பழகப் பழக சரியாயிடும்னு பாட்டிகிட்ட சொல்லும்மா." கூடவே மூன்று சிரிக்கிற முகம்.

திருவிழாவுக்கு ஆறு வாரம்கூட இல்லை. டிமாஸ் என் கோலைப் பற்றி ஊர் முழுக்கப் பேசிவிட்டானாம். கோயில் சிலை மாதிரி இருக்கு, முட்டி போட்டுட்டுத்தான் ஆடணும் என்கிறானாம்.

ஏப்ரல் 11

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோலை எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன். காப்பி வேண்டாம் என்றேன். அவன் பட்டறையில் சோதித்துப் பார்க்க ஒரு மேசை உண்டு. "நான் ஆடறேன், நீ பாரு" என்றேன். வாயால் சொல்ல வராது என்று தெரிந்துவிட்டது, வேறு என்ன செய்ய?

பந்துகளைப் போட்டான். நான் ஒவ்வொன்றாக அடித்தேன். நன்றாகத்தான் விழுந்தன. அவன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான், தன் கோல் எப்படி வேலை செய்கிறது பார் என்கிற மாதிரி. மறுபடி போடு என்றேன். மறுபடி அடித்தேன். நான்காவது முறையோ ஐந்தாவதோ, கோலைப் பின்னால் இழுக்கும்போது கட்டைவிரல் பூட்டிக்கொண்டது. மற்ற விரல்கள் திறந்துவிட்டன. கோல் சிமெண்டுத் தரையில் விழுந்தது. நல்ல சத்தம். ஒரு மல்லிகைப்பூ தெறித்துப் போய்க் கடைசல் இயந்திரத்துக்கு அடியில் விழுந்தது.

அவன் கோலை எடுக்கப் போவான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. என் கையைப் பிடித்தான். நான் இழுத்தேன், விடவில்லை. மரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

"எப்ப இருந்து அக்கா?"

"மூணு வருஷம் இருக்கும்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

"கேட்டேனே! எதுக்குத் தடின்னு வாயத் தொறந்து கேட்டேன். எனக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னீங்க. ஒரு பொம்பள உலக்கை மாதிரி கோல் புடிச்சிருக்குன்னு சொன்னா நான் என்னன்னு நெனைப்பேன்?"

"நான் கேட்டதச் செய்யணும்னு நெனைச்சிருக்கலாம்ல?"

இரண்டு பேரும் கோபமாக இருந்தோம். அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு குனிந்து பூவைத் தேடி எடுத்தான். ஊதினான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சீவுன மரத்த மறுபடி ஒட்ட முடியாது. நுனிப் பாதி இதே இருக்கட்டும். அடிக்குப் புது மரம் வேணும். பச்சை மரம்னா ஒரு வருஷம் காயணும்." சுற்றிலும் பார்த்தான். மூலையில் சாக்குக்கு அடியில் இருந்து எதையோ இழுத்தான். அவன் அப்பா காலத்தில் யாரோ கட்டில் செய்யச் சொல்லிவிட்டு வராமலே போய்விட்டார்களாம். அந்தக் கட்டிலின் கால். வேங்கை மரம், என் மணிக்கட்டுப் பருமன்.

"இது காய்ஞ்சது. என்னவிட வயசு அதிகம். ஆனா அக்கா, அசிங்கமா இருக்கும்."

"இருக்கட்டும்."

"ஒரு சின்ன கோடு மட்டும், பேருக்கு—"

"அன்சியோங்."

"சரி, சரி."

கிளம்பும்போது, என் மகளிடம் கையைப் பற்றிச் சொல்லாதே என்றேன். "எனக்குக் கோல் வேலை மட்டும்தான்" என்றான்.

ஏப்ரல் 19

தூக்கம் பிடிக்கவில்லை. ட்யூப் கோலிலேயே பயிற்சி. மெர்லிண்டா கேட்கிறாள், "பூக்கோல் எங்கம்மா?" நுனி பழுது பார்க்கப் போயிருக்கிறது என்றேன்.

மே 4

சேதி இல்லை. தெருவில் தோரணம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு தோரணத்தையும் பிய்த்துப் போடலாம் போல இருக்கிறது.

மே 9

வந்தது. இந்தத் தடவை அன்சியோங் தனியாக வந்தான், பலகாரம் இல்லாமல். பழைய பூ அடியையும் கொண்டுவந்து கொடுத்தான். என் பெயர் பதித்ததை வேறு யார் வாங்குவார்கள்?

புதுக்கோலைப் பிடித்தேன். விரல்கள் எங்கே போகணுமோ அங்கே தானாகப் போய் உட்கார்ந்தன. கட்டைவிரல் சும்மா சாய்ந்து கிடந்தது, திண்டில் சாய்ந்த மாதிரி. ஒன்றும் பதிக்கவில்லை, ஒரு கோடுகூட இல்லை. வெறும் மரம், எண்ணெய் மட்டும். எடையும் முன்னால் சரியாக வந்திருக்கிறது. எப்படி என்றேன். அடிக்குள்ளே துளைத்துக் கனத்தைக் குறைத்திருக்கிறானாம்.

"இது நான் கேட்டது" என்றேன். அவன் வேறு பக்கம் பார்த்தான். அவன் அசிங்கம் என்று நினைப்பதில் அவன் பெயரைப் போட மாட்டானாம். போடாதே, எனக்கென்ன.

ஜோவலின் சொன்னாள், "பாட்டி, இது கட்டில் கால் மாதிரியே இருக்கு." சிரித்துவிட்டேன்.

பூ அடியை மெர்லிண்டா தொலைக்காட்சிக்கு மேலே, ஜோவலினின் பட்டமளிப்புப் படத்துக்கும் குழந்தை இயேசுவுக்கும் நடுவில் மாட்டிவிட்டாள். அங்கே நன்றாகத்தான் இருக்கிறது.

மே 16

நேற்று எழுத முடியவில்லை. கை வலியினால் இல்லை, சத்தம். வீடு நிறைய விருந்தாளி.

ஊர்க் கொட்டகையில் நிற்க இடமில்லை. நான் உறையைத் திறந்ததும் டிமாஸ் கத்தினான், "எமெங், கட்டில எடுத்துட்டு வந்திருக்க! மெத்தை எங்க?" கொட்டகையே அதிர்ந்தது. நானும், "நீ படுக்கறதுக்குத்தான்டா, கொஞ்ச நேரத்துல" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு.

ஆரம்பத்தில், பந்துகளைச் சிதறவிடும் முதல் அடியிலேயே அவனுக்குப் பந்து விழுந்துகொண்டே இருந்தது. நான்கு ஆட்டம் பின்னால் போய்விட்டேன். பிறகு மேசை எனக்குப் பிடிபட்டது. ஒவ்வொன்றாக ஏறினேன். விரல் பூட்டிக்கொள்ளும், பூட்டிக்கொள்ளும் என்று காத்திருந்தேன். பூட்டவில்லை. ஒரு கட்டத்தில் கையை மறந்தே போனேன். கையை மறந்து ஆடி எவ்வளவு காலம் ஆகிறது!

எட்டுக்கு எட்டு. கடைசி ஆட்டத்தில் எட்டாம் பந்து குழி வாயில் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தது, விழவில்லை. கோலில் குற்றம் இல்லை, கையிலும் இல்லை. நான் அவசரப்பட்டேன். டிமாஸ் எட்டையும் ஒன்பதையும் போட்டான்.

ஜெயித்தவன் அந்தப் பணத்தில் வேடிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் பங்கு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம் அல்லவா, அவனைச் சுற்றி இருபது கை நீண்டது. கொடுத்து முடித்துவிட்டு என் பக்கம் வந்தான். வம்புக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். "குடு பாப்போம்" என்று கோலை வாங்கினான். பிடித்தான். காலி மேசையில் சும்மா இழுத்து இழுத்துப் பார்த்தான். திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஜோவலின் வந்து கூப்பிடும்வரை வைத்திருந்தான்.

"யாரு செஞ்சது?" என்றான், மெதுவாக.

தோற்றதற்கு அழ வேண்டும். அழுகை வரவில்லை. பசித்தது. பன்றி வறுவல் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மே 18

காலையில் சமைக்கப் போனால் வினிகர் புட்டி மூடி, என் விரலுக்குச் சிரமம் இல்லாமல், ஏற்கெனவே தளர்த்தி வைத்திருக்கிறது. மீன் சாறு புட்டியும் அப்படியே. மெர்லிண்டா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஒரு மனுஷி கட்டில் கால வச்சிக்கிட்டு ஊர் முன்னாடி ஆடுனா யோசிக்க மாட்டேனாம்மா?" என்றாள். பிறகு, "தண்ணிக் கடைக்கு அந்தப் பக்கச் சந்து போதும். அளந்துட்டேன்."

நான் மூடியைத் திறந்து வினிகரை ஊற்றினேன்.

ஜூன் 7

டிமாஸை பேத்திஸுக்குக் கூட்டிப்போனேன். தனக்கும் ஒரு கோல் வேண்டுமென்று மூன்று வாரமாகத் தொல்லை. ஜீப்னியில் ஓட்டுநரின் ஓட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தான். பட்டறை வாசலுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

அன்சியோங் எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டான். "சொல்லுங்க அண்ணே, எப்படி வேணும்?"

"எமெங்கோடது மாதிரி. தடியா."

"எதுக்கு அண்ணே தடி?"

"சும்மாதான். பாக்க கம்பீரமா இருக்கும்ல."

அன்சியோங் என்னைப் பார்த்தான். அவன் கண் அதற்குள் சுவரில் இருந்த மல்லிகைக் கொடிப் படத்துக்குப் போய்விட்டு வந்தது. எனக்குத் தெரியும் அந்தப் பார்வை.

"டிமாஸ், கையக் காட்டு" என்றேன்.

"என்ன கை? எந்தக் கை?"

"முப்பது வருஷம் கியர் போட்ட கை. காட்டு. இல்லன்னா பூ வச்சிருவான்."

என்னை முறைத்தான். வாசலைப் பார்த்தான், யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று. அப்புறம் தொப்பியை மடியில் வைத்துவிட்டு, வலது கையை மெதுவாக மேசைமேல் வைத்தான். விரல்கள் முழுசாக விரியவில்லை.

அன்சியோங் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். நான் நாய்க்குட்டிகள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன பார்க்கலாம் என்று வெளியே வந்துவிட்டேன்.